வட்டம் போட்ட சீட்டு

அவர் போட்ட ஊசி யாருக்கும் வலித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

கேரளத்தில் குன்னத்துகால் பக்கம், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன கிளினிக். அதில் அவர் கம்பவுண்டர், நான் நர்ஸ். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு சேர்ந்த வேலை அது. அவருக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. டாக்டர் என்றும் ஒருவர் உண்டு. அரசு வேலையில் ஓய்வு பெற்ற மலையாளி, காதில் குழாயை மாட்டிக்கொண்டே உறங்கக்கூடியவர். ஆகவே கிளினிக் என்றால் கம்பவுண்டர்தான். பாறசாலையிலிருந்தும் ஆரியங்கோட்டிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்க மாட்டார்கள். அண்ணன் இருக்காரா என்றுதான் கேட்பார்கள்.

கஞ்சி போட்டுத் தேய்த்த அரைக்கை வெள்ளைச் சட்டை, கணுக்கால் வரை இறங்கிய வேட்டி, கத்தரித்து ஒழுங்காக்கிய மீசை. இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தார். எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு தெரிந்தது. ஊசி மருந்துக் குப்பியைத் தட்டுவதற்கு.

அது ஒரு பூஜை மாதிரி நடக்கும். ஸ்டீல் பெட்டியிலிருந்து குப்பியை எடுப்பார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடாக்குவார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். நகத்தால் இரண்டு தட்டு. பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர் போல, ஆனால் ஆளுக்குக் கேட்கும்படி சொல்வார்.

"நல்ல சாதனமாக்கும். நேத்துதான் வந்தது."

சாதனம் என்றால் எங்கள் பக்கம் சரக்கு. அதற்குப் பிறகு குப்பியின் கழுத்தை ஒடித்து, மருந்தை ஏற்றி, "உனக்க வீட்டுல எத்தன பலா நிக்குது?" என்று எதையாவது கேட்பார். ஆள் யோசிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். "போட்டாச்சா அண்ணே?" என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை.

அந்த வாசகத்தை அவர் எல்லோருக்கும் சொல்வதில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. காய்ச்சலுக்கும் சீழ் வைத்த காலுக்கும் ஊசி போடும்போது மருந்தைப் பற்றி வாயையே திறக்க மாட்டார். ஜன்னல் இல்லை, தட்டு இல்லை, பலா மரம் மட்டும் உண்டு. வெளியே தெரியாத நோவோடு வருகிறவர்களுக்குத்தான் இந்தப் பூஜை. தலைநோவு, இடுப்பு நோவு, நெஞ்சடைப்பு, வயிற்றுக்குள் என்னவோ செய்யுது. அவர்களுக்குப் போட்டதெல்லாம் ஊசிக்காகக் காய்ச்சி வடித்த தண்ணீர். எங்கள் பேச்சில் வெள்ளம்.

"மருந்துக்கு என்னத்துக்கு பிள்ளே பேச்சு? அது அதுக்க பாட்டுக்கு வேல செய்யும். வெள்ளத்துக்காக்கும் நாம பேசணும்" என்றார், நான் கேட்டபோது.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் அவர். லீவு வேண்டி முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிற சிப்பாய்களுக்கு அங்கே யாரோ ஒரு அதிகாரி இப்படித் தண்ணீர் ஏற்றிச் சோதித்ததைப் பார்த்திருக்கிறார். பட்டாளத்திலிருந்து அவர் கொண்டு வந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இந்தச் சோதனையும்தான். வெள்ளத்தில் குறைந்தால் அது நோவே இல்லை, நடிப்பு. குறையாவிட்டால்தான் நோவு. பத்து நிமிடம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்து, "கொறவுண்டா மக்கா?" என்று அத்தனை பிரியமாகக் கேட்பார். "உண்டு அண்ணே, நல்ல கொறவுண்டு" என்று ஆள் சிரித்தால், ஓ.பி. சீட்டின் மேல் மூலையில் நீல மையால் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். உள்ளே போனால் டாக்டர் வட்டத்தைப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதித் திருப்பி அனுப்புவார். சட்டையைத் தூக்கிப் பார்க்கக்கூட மாட்டார். வட்டம் போட்டால் சோதனை முடிந்தது என்று அர்த்தம்.

ஊர்க்காரர்களுக்கு இந்த அர்த்தம் தெரியாது. வட்டம் என்னவோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் வட்டம் போட்ட சீட்டை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். காரக்கோணத்திலிருந்து வந்த ஒருவர், "போன தடவ வட்டம் போட்டுத் தந்தியள்லா, அதே போலத்த ஊசி வேணும்" என்று கேட்டார். மகனுக்கு வட்டம் போடவில்லை என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள். கம்பவுண்டர் ரொம்பப் பணிவாகப் பேனாவைத் திறந்து அந்தப் பையனுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நான் சிரிக்கவில்லை என்று இங்கே எழுதிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சிரித்தேன்.

கெட்ட மனிதர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம் என்றால் அதற்கும் அவர் வழிவிடவில்லை. ஒருநாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருவன் தன் கத்தியாலேயே முழங்காலை வெட்டிக்கொண்டு வந்தான். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கம்பவுண்டர் அவனைக் குழந்தையைப் போல மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரி வரை போனார். கஞ்சி போட்ட சட்டை முழுக்க ரத்தம். வழியெல்லாம் அவன் தலையைத் தடவி, "இன்னா வந்தாச்சு மக்கா, இன்னா வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே போனாராம். ரத்தத்தைக் கண்டால் அவர் தாய். ரத்தம் இல்லாத நோவுக்கு அவர் போலீஸ். தன்னை யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிது. நோயாளி சுகமாவது இரண்டாம் பட்சம்.

தன் உடம்புக்கும் அதே சட்டம். ஒருமுறை கடைவாய்ப் பல் சீழ் வைத்துக் கன்னம் பந்தாக வீங்கிவிட்டது. அப்படியே நின்று நாள் முழுக்க ஊசி போட்டார்.

"உங்களுக்கும் ஒரு வெள்ளம் போட்டுப் பாக்கட்டா அண்ணே?" என்று கிண்டல் செய்தேன்.

"எனக்கு அது கேக்காது பிள்ளே, நோவு கொறையாது. வெள்ளம் எதுன்னு தெரிஞ்சவனுக்கு அது எப்படிக் கேக்கும்? எனக்கு நோவுதுன்னா அது நோவாக்கும்."

அவர் சொன்ன பதிலிலேயே எல்லாம் இருந்தது. அவருக்கும் அது உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

வட்டம் போடுவதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. சில நாள் அவருக்குக் கை அரிக்கும். ஆளின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிப் பார்க்கவேண்டும். பொழியூர் கடப்புறத்திலிருந்து ஒரு மீன்காரர் வந்திருந்தார். கழுத்தில் ஜெபமாலை, கரிந்த உடம்பு. கரைவலை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. பூஜை நடந்தது. பத்து நிமிடத்தில் மனிதர் எழுந்து நின்று, குனிந்து நிமிர்ந்து காட்டி, "போச்சு அண்ணே!" என்றார்.

கம்பவுண்டர் ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "எலே, நீ இப்ப குனிஞ்சு நிமிந்தியே, அது எதுல தெரியுமா? வெறும் வெள்ளத்துல. ஊசியில மருந்தே இல்ல. உனக்கு ஒரு நோவும் இல்லலே!"

ஹால் சிரித்தது. மீன்காரர் தலையைச் சொறிந்தார்.

"செரி அண்ணே. நோவு போச்சுல்லா? பின்னே அது எதுல போனா எனக்கென்ன? அடுத்த ஆழ்ச்ச வாறேன். இதே வெள்ளம் தந்தா போரும்."

இப்போது ஹால் இன்னும் பலமாகச் சிரித்தது, கம்பவுண்டரைப் பார்த்து. சொன்னபடியே அடுத்த வாரம் அந்த மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கம்பவுண்டர் சீட்டைக்கூட வாங்கவில்லை. "வெள்ளம் தீந்து போச்சு" என்றார். மனிதர் கெஞ்சிப் பார்த்தார். பிறகு பாதி வளைந்த முதுகோடு நடந்து போய் பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு குப்பி தண்ணீர், அதைக் கொடுக்க மனமில்லை.

எனக்கு ஒரே அக்கா, சரோஜம். ஆரியங்கோட்டில் ரப்பர் உள்ள வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. பெரிய எஸ்டேட் ஒன்றுமில்லை, முந்நூறு மரம். பால் வெட்ட ஆள் உண்டு, ஷீட் அடிக்க அக்கா உண்டு. தட்டில் ஆசிட் விட்டு உறையவைத்த பாலை உருளைக்குள் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றவேண்டும். நாளுக்கு முப்பது நாற்பது தட்டு. அவளிடம் எப்போதும் ஆசிட் வாடை அடிக்கும். அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தாள். பிள்ளை இல்லை. அதனால் ஷீட் அடிப்பதுதான் அவளுக்கு அங்கே இருக்கிற உரிமை என்று மாமியார் தீர்மானித்திருந்தாள்.

அக்காவுக்கு நெஞ்சுக்குக் கீழே, வயிற்றின் மேல்பக்கம் நோவு. வெறும் வயிற்றில் எரிச்சல், சாப்பிட்டால் கொஞ்சம் தணியும், மறுபடி பிடிக்கும். உருளையின் கைப்பிடியைப் பிடித்தபடியே மடங்கி உட்கார்ந்துவிடுவாளாம். ஒருநாள் காலையில் மாமியார் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்தாள்.

"நெஞ்சாங்குழியில நோவுன்னு சொல்லுதா. ஷீட் அடிக்க நேரமாச்சுன்னா நோவும் வந்திரும்" என்றாள் மாமியார்.

கம்பவுண்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டீல் பெட்டியைத் திறந்தார். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். நகத்தால் இரண்டு தட்டு.

"நல்ல சாதனமாக்கும். நேத்துதான் வந்தது."

நான் பஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவள் என் கூடப்பிறந்தவள், நடிக்கத் தெரியாதவள், டாக்டரை எழுப்பி வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று. பஞ்சைத்தான் நீட்டினேன்.

பத்து நிமிடம் கழித்து அவர் வந்து குனிந்து, "கொறவுண்டா மக்கா?" என்றார்.

"உண்டு அண்ணே" என்றாள் அக்கா. முகமே மலர்ந்திருந்தது. "இத்தன நாளும் நான் இங்க வராம இருந்திட்டேன் பாத்தியளா. உங்க கை தெய்வத்துக்க கையாக்கும்."

அவள் பொய் சொல்லவில்லை. குறைந்துதான் இருந்தது. ஒருவர் தன்னை உட்காரவைத்து, தன் வயிற்றைப் பற்றிக் கேட்டு, தனக்கென்று ஒரு குப்பியை உடைத்தாலே நோவு இறங்கிவிடுகிற பிறவி அவள். அந்த வீட்டில் ஆறு வருடமாக யாரும் அவளை என்ன செய்யுது என்று கேட்டதில்லை. இதை நான் இப்போது எழுதுகிறேன். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அப்பாடா, அக்காவுக்கு ஒன்றும் இல்லை.

அவர் நீலப் பேனாவைத் திறந்து வட்டம் போட்டார். சீட்டை அக்கா கையில் கொடுக்காமல் மாமியார் கையில் கொடுத்தார்.

"அம்மா, இது பச்சவெள்ளமாக்கும் போட்டது. வெள்ளத்துல போன நோவு நோவே அல்ல. இவளுக்கு மடியாக்கும், வேல செய்ய மடி. கூட்டிட்டுப் போயி ஷீட் அடிக்க விடுங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நிஜமா என்று கேட்கிற பார்வை. என் முகத்தில் பதில் இருந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாமியாருக்குப் பின்னால் நடந்து போனாள். வலி இல்லாததால் நேராகத்தான் நடந்தாள். அதுவும் அவளுக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று.

மாமியார் அந்தச் சீட்டை அடுக்களைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தாள். யாராவது வந்து, மருமகள் ஏன் வாடிப்போயிருக்கிறாள் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவாள். "இன்னா பாருங்க, ஆஸ்பத்திரியில எழுதித் தந்ததாக்கும், ஒண்ணும் இல்லேன்னு." எழுத்து ஒன்றும் கிடையாது, வட்டம்தான்.

ஓணத்துக்கு நான் போயிருந்தபோது அக்கா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை கரண்டியில், இன்னொரு கையால் அம்மிக் குழவியை வயிற்றில் அமுக்கிப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் குழவியை இறக்கி வைத்தாள், திருடின பொருள் போல.

"ஏட்டி, நீ படிச்சவளாக்கும். ஒண்ணு சொல்லு" என்றாள் குரலைத் தாழ்த்தி. "எனக்கு நோவுதா?"

"இது என்ன கேள்வி அக்கா?"

"எனக்குத் தெரியல்ல. நோவுத மாதிரித்தான் இருக்கு. பின்னே அந்த வெள்ளத்த நெனைப்பேன். வெள்ளத்துல போனது நெசமாட்டு நோவா இருக்குமா? நானா உண்டாக்குதேனோ?"

நான் நர்ஸ். எனக்குச் சான்றிதழ் உண்டு. நான் சொன்னேன். "மனசாக்கும் அக்கா. அதையே நெனச்சிட்டு இருக்காண்டாம்."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதால் நம்பினாள். கம்பவுண்டர் அவள் நோவைப் பிறர் கண்ணில் பொய்யாக்கினார். அவள் கண்ணிலேயே அதைப் பொய்யாக்கியது நான்.

மழைக்காலம் முடிந்து மரம் நன்றாகச் சுரக்கிற சமயத்தில் அவள் உருளைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஓடிப் போய்ச் சேரும்போது ஒரு இளம் டாக்டர் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையாக இறுகியிருந்தது. வயிற்றுப் புண் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்.

"எத்தனை நாளா வலி?"

"ரெண்டு நாளா என்னவோ சொல்லிட்டு இருந்தா" என்றாள் மாமியார்.

"ரெண்டு நாளா? இதோடயா? கத்தலியா?"

அவள் கத்தவில்லை. முந்தின நாள்கூட ஷீட் அடித்திருக்கிறாள். இல்லாத நோவுக்கு யார் கத்துவார்கள்? ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

சாவு வீட்டுக்குக் கம்பவுண்டர் வந்தார். அதே கஞ்சிச் சட்டை. பந்தலில் உட்காராமல் நேராக என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் இந்தக் கதையின் மீதி நடந்திருக்காது.

"பிள்ளே, அன்னைக்கு வெள்ளம் கேட்டுதே" என்றார். "நீயும் கூட நின்னு பாத்தல்லா. நல்ல கொறவுண்டுன்னு அவதானே சொன்னா. பின்னே இது எப்படி?"

அவர் கண்ணில் துக்கம் இல்லை. கணக்கு வாத்தியாருக்கு விடை தப்பி வந்தால் ஒரு முழி முழிப்பாரே, அதுதான். அவரே யோசித்து அவரே கண்டுபிடித்தார். முகம் தெளிந்தது.

"அப்ப நோவு இருந்திருக்காது. இது அதுக்குப் பொறவாக்கும் வந்திருக்கும்."

என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வழக்கம்போல வட்டம் போட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் அந்த வாரமே வேலையை விட்டேன்.

பிறகு வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற வேலை எனக்கு அமைந்தது. நான் போட்டால் வலிக்காது என்று பெயர் வந்தது. அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கும்போதெல்லாம் கையை வெட்டிப் போடலாம் என்று தோன்றும்.

தொண்ணூறுகள் முடியப்போகிற ஒரு கோடையில் அவருடைய மகள் என்னைத் தேடி வந்தாள். அப்பாவுக்குக் கணையத்தில் புற்று, முதுகெலும்பு வரை போய்விட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள்.

"வேற யாரையும் தொட விடமாட்டேங்காரு அக்கா. 'அவளுக்க கை எனக்க கையாக்கும், அவளக் கூப்பிடு'ன்னு ஒரே நிர்ப்பந்தம்."

போனேன். வீடு பாறசாலை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். கட்டிலில் ஒரு எலும்புக்கூடு மஞ்சள் பூசிக் கிடந்தது. சுண்டுவிரல் நகம் மட்டும் அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "என்னத்தையாக்கும் குத்தப்போற? காட்டு."

குப்பியைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் பேசாமல் போட்டேன். மருந்துக்குப் பேச்சு வேண்டாம் என்று சொன்னவர் அல்லவா. பத்து நிமிடத்தில் முகத்தின் சுருக்கமெல்லாம் அவிழ்ந்து உறங்கிப்போனார். தினமும் பதினொரு மணிக்கு இதே மாதிரி நடந்தது. ஒரு வாரம் கழித்து அவருக்குக் கண் மங்கிவிட்டது. "எழுத்து தெரியல்ல பிள்ளே. நீயே வாசி" என்றார். வாசித்தேன். நம்பினார், உறங்கினார். நானும் அவரை அநேகமாக மன்னித்துவிட்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒருநாள் மகள் துணி உலர்த்த வெளியே போயிருந்தாள். நான் குப்பியை எடுத்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"உனக்க அக்கா காரியம் அப்பப்ப நெனப்பு வரும் பிள்ளே. இப்பவும் சொல்லுதேன், அன்னைக்கு அவளுக்கு நோவு இருந்திருக்காது. இருந்திருந்தா வெள்ளம் கேட்டிருக்காதுல்லா."

வாய் தவறி வந்தது என்று பிற்பாடு பலரிடம் சொல்லிப் பழகியிருக்கிறேன். இங்கே அது வேண்டாம். தெரிந்துதான் செய்தேன். குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினேன். ஜன்னல் பக்கம் திரும்பித் தூக்கிப் பிடித்தேன். நகத்தால் இரண்டு தட்டு.

"நல்ல சாதனமாக்கும்" என்றேன். "நேத்துதான் வந்தது."

கட்டிலில் அசைவே இல்லை. திரும்பிப் பார்த்தால் கண் இரண்டும் விரிந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பிள்ளே."

"என்ன அண்ணே?"

"வெள்ளமா?"

"திரும்பிப் படுங்க" என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போட்டது மருந்துதான். எழுதிக் கொடுத்த அதே மருந்து, அதே அளவு. ஒரு சொட்டுக் குறையவில்லை.

பத்து நிமிடம் கழித்துக் குனிந்து கேட்டேன். "கொறவுண்டா அண்ணே?"

"இல்ல" என்றார். கால்மணி ஆயிற்று. அரைமணி ஆயிற்று. மற்ற நாளில் குறட்டை விடுகிற நேரத்தில் துண்டைக் கடித்துக்கொண்டு முனகினார். வியர்வையில் தலையணை நனைந்தது. மகள் ஓடி வந்தாள். நான் உடைந்த குப்பியை அவளிடம் நீட்டினேன். அவள் வாசித்துப் பார்த்துவிட்டு அவர் காதருகே சொன்னாள். "மருந்துதான் அப்பா. நான் வாசிச்சேன்."

"நீயும் அவளுக்க கூட சேந்தாச்சா?" என்றார் அவர்.

மறுநாள் போனபோது மகளின் முகத்தைப் பார்த்தே எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் ஒரு பொட்டு உறங்கவில்லை. நேற்று எனக்கு இருந்த ஆத்திரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குப்பியை அவர் கையில் திணித்து, "செத்துப்போன எனக்க அக்கா மேல சத்தியம் அண்ணே, இது மருந்தாக்கும். நேத்தைக்கும் மருந்துதான். நான் சும்மா சொன்னேன்" என்றேன். நான் அழுதேன்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சிரித்தார். ஹாலில் சிரிப்பாரே, அதே சிரிப்பு.

"நல்லாப் போடுதே பிள்ளே. நான்கூட இப்படி அழுது காட்டினதில்ல."

மகள் ஆஸ்பத்திரிக்குப் போய் அளவைக் கூட்டி எழுதி வாங்கி வந்தாள். கூட்டிப் போட்டோம். மருந்து சும்மா இருக்காது, அதன் பங்குக்கு வேலை செய்திருக்கும். மீதிப் பங்கு அவர் நம்பிக்கையில் இருந்தது. அதை நான் ஒரே வாசகத்தில் பிடுங்கிவிட்டேன். திருப்பிக் கொடுக்க என்னிடம் வழியில்லை. என்ன சொன்னாலும் அவர் வெள்ளத்துக்கான பேச்சு என்று எடுத்துக்கொண்டார். பேசாமல் இருந்தால், பேசாமல் இருந்து ஏமாற்றுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். பதினொரு நாள் இப்படி நடந்தது. பதினொரு நாளும் நல்ல மருந்து.

கடைசி நாள் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"பிள்ளே, ஒண்ணு கேக்கட்டா. எனக்கு நோவுதுன்னு நீயாவது நம்புதியா?"

"நம்புதேன் அண்ணே."

"பின்னே என்னத்துக்கு மக்கா வெள்ளம் போடுதே?"